இடம் குறிப்பிடாத தாள்

"உள்ள என்னதான் பண்ற? எனக்கு நேரமாச்சு!" என்று கணவர் இரண்டாவது முறை குளியலறைக் கதவைத் தட்டினார்.

"அஞ்சே நிமிஷம்!"

உள்ளே அவள் ஒரு சின்ன மஞ்சள் தாளை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, வண்ண அட்டையோடு வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். தாள் காட்டிய அமில அளவு ஐந்தரை.

மூன்று நாளாக வெள்ளைபடுதல், லேசான அரிப்பு, கூடவே ஒரு மீன் வாடை. இந்த வருடத்தில் இது நான்காவது முறை. முந்தைய மூன்று முறையும் மருந்துக்கடையில் கண்ணை எங்கேயோ வைத்துக்கொண்டு, "அந்த... ரோஸ் கலர் பாட்டில்" என்று கைகாட்டி வாங்கி வந்து, தானாகவே சமாளித்திருந்தாள். போகும். வழி தெரிந்த விருந்தாளி மாதிரி இரண்டே மாதத்தில் திரும்பி வரும்.

இந்த முறை விஞ்ஞான முறைப்படி ஒரு கை பார்ப்பது என்று முடிவெடுத்தாள். அதற்கான தகுதி அவளுக்கு உண்டு. பொது நீச்சல் குளத்தில் அவள்தான் தண்ணீருக்குப் பொறுப்பு. அங்கே அவளுக்குப் பெயரே 'தண்ணி மேடம்'தான். பெரியவர்களுக்கு ஒன்று, குழந்தைகளுக்கு ஒன்று என இரண்டு குளங்கள். பதினோரு மாதமாகத் தற்காலிகப் பொறுப்பு. இந்த மாதக் கடைசியில் சுகாதார ஆய்வாளர் வந்து பதிவேடுகளைப் பார்த்து, 'திருப்தி' என்று எழுதிவிட்டால் வேலை நிரந்தரம். 'திருப்தியில்லை' என்றால் வீட்டுக்கு நடையைக் கட்ட வேண்டியதுதான். அந்த வேலை மேல் அவளுக்கு உயிர்.

குளத்துத் தண்ணீரின் பி.எச். அளவு ஏழு புள்ளி நான்கில் நிற்க வேண்டும். குறைந்தால் அமிலம், கண் எரியும். கூடினால் தண்ணீர் கலங்கும். ஏழு புள்ளி நான்கு அவளுக்கு ஓர் எண் அல்ல, ஒழுக்கம்.

"அஞ்சரைன்னா அமிலம் ஏறிக் கிடக்கு. அமிலம் ஏறினா சோடா. இதுக்குப் போய் ஒரு டாக்டரா?" என்று கண்ணாடியைப் பார்த்துச் சொன்னாள். கண்ணாடியும் மறுத்துப் பேசவில்லை.

அளந்ததை எழுதாவிட்டால் அவளுக்குக் கை அரிக்கும். குளத்தின் தினசரிப் படிவம் ஒன்று பையில் இருந்தது. நாள், இடம், பி.எச்., வாடை, சேர்த்தது, குறிப்பு. எல்லாக் கட்டங்களையும் ஒழுங்காக நிரப்பினாள். 'இடம்' என்ற கட்டத்தில் மட்டும் பேனா நின்றது. அதில் என்னத்தை எழுதுவது? காலியாக விட்டாள்.

முதல் நாள், தொட்டித் தண்ணீரில் சமையல் சோடாவைக் கரைத்துப் பத்து நிமிடம் உட்கார்ந்தாள். மூன்றாம் நாள் தாள் ஆறைக் காட்டியது. வாடையும் ஒரு படி ஏறியிருந்தது. 'வாடை: கூடுதல்' என்று நேர்மையாக எழுதினாள். ஐந்தாம் நாள் ஆறரை. வாடையை அடக்க ரோஸ் கலர் பாட்டிலில் இருந்த வாசனைத் திரவமும் சேர்ந்தது. சும்மா வெளியே கழுவினால் போதாதென்று உள்ளேயும் பீய்ச்சிக் கழுவினாள். ஏழாம் நாள், சாட்சாத் ஏழு!

எண் அழகாக இருந்தது. அவள் நிலைமைதான் படுமோசம். எரிச்சலில் நாற்காலியில் உட்கார முடியவில்லை. டிக்கெட் கவுண்ட்டரில் இருக்கும் அக்கா ஜன்னலைத் திறந்தபோதெல்லாம் தன்னால்தானோ என்று நாற்காலியைத் தள்ளித் தள்ளிப் போட்டதில், மாலைக்குள் வராந்தாவுக்கே வந்துவிட்டிருந்தாள்.

அன்று வீட்டில் கணவர் மூக்கைச் சுருக்கினார்.

"எங்கயோ எலி செத்திருக்கும் போல."

"இருக்கும், இருக்கும். ஃப்ரிட்ஜுக்குப் பின்னாடி பாருங்க" என்றாள் அவள்.

இரண்டு பேருமாக ஃப்ரிட்ஜை நகர்த்தி, அலமாரியை நகர்த்தி, டார்ச் அடித்து ஒரு மணி நேரம் இல்லாத எலியைத் தேடினார்கள். அவரைவிட அவள்தான் மும்முரமாகத் தேடினாள். பிறகு குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக் கொஞ்சம் அழுதாள். பதினோரு மாதமாக இரண்டு குளங்களை அடக்கி ஆண்டவளுக்குத் தன் ஓர் உடம்பு அடங்கவில்லையே என்ற ஆற்றாமை.

மறுநாளே டாக்டரிடம் போய்ப் படிவத்தை மேஜையில் விரித்தாள். டாக்டரம்மா தலைமேல் இருந்த கண்ணாடியை மூக்குக்கு இறக்கினார்.

"பிரமாதமா எழுதியிருக்கீங்க. ஏழுக்குக் கொண்டு வரணும்னு யாரு சொன்னா?"

"ஏழு புள்ளி நாலுதானே டாக்டர் சரியான அளவு?"

"எதுக்கு?"

"குளத்துக்கு."

டாக்டர் கண்ணாடியைக் கழற்றினார்.

"நீங்க குளம் இல்லம்மா. அங்க நாலு, நாலரைக்குள்ள இருக்கணும். நல்ல கிருமிங்க அங்க குடியிருந்து அந்த அமிலத்தத் தயார் பண்ணி வெச்சிருக்கும். அதுதான் காவல். நீங்க சோடாவ ஊத்திக் காவல்காரங்களத் துரத்திட்டு, வாசலத் திறந்து வெச்சிருக்கீங்க."

அவளுக்கு முகம் சிவந்தது. "நான் சுத்தமா இல்லாததால வந்ததா டாக்டர்?"

"ரொம்பச் சுத்தமா இருந்ததால வளர்ந்தது."

பரிசோதனை முடிந்தது. காலை ஒன்று, இரவு ஒன்று, சாப்பிட்டதும், ஏழு நாள் என்று மாத்திரை எழுதிக்கொடுத்தார்.

"சரியாயிட்டாலும் நடுவுல நிறுத்தக் கூடாது. வெளிய வெறும் தண்ணி போதும். உள்ள எதுவுமே வேண்டாம், அது தன்னைத்தானே சுத்தம் பண்ணிக்கும். வாசனை பாட்டிலத் தூக்கிப் போடுங்க. காட்டன் உள்ளாடை போடுங்க. ஈர நீச்சல் உடையோட மணிக்கணக்கா உக்காராதீங்க."

"திரும்ப வந்தா?"

"திரும்ப என்கிட்ட வாங்க. நிறையப் பேருக்குத் திரும்பத் திரும்ப வரும். இதுல வெக்கப்பட ஒண்ணுமே இல்ல. மருந்துக்கடைக்கு மட்டும் போகாதீங்க."

படிவம் தொடர்ந்தது. எட்டாம் நாள்: சோடா நிறுத்தம், மாத்திரை தொடக்கம். பதினோராம் நாள்: ஐந்து. பன்னிரண்டாம் நாள்: வாடை இல்லை. அந்த வரிக்கு இரண்டு அடிக்கோடு போட்டாள். பதினெட்டாம் நாள், நான்கு புள்ளி இரண்டு. தாளை மடித்து அலமாரியில் துண்டுகளுக்கு அடியில் வைத்துவிட்டு, நிமிர்ந்த நடையோடு வேலைக்குக் கிளம்பினாள். அன்றுதான் ஆய்வு.

பெரிய குளம் ஏழு புள்ளி நான்கு. குழந்தைகள் குளம் ஏழு புள்ளி நான்கு. அந்தச் சின்னக் குளத்தின் தாள் மட்டும் இன்னும் ஃபைலுக்குப் போகாமல் அவள் பையில் இருந்தது. பம்ப் அறையில் வால்வைத் துடைத்துக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. கணவர்.

"இவ்ளோ முக்கியமான பேப்பர மறந்துட்டுப் போயிட்டியே! நல்லவேளை, துண்டு எடுக்கப் போனேன், கண்ணுல பட்டுச்சு. வேகமா வந்து உங்க மேனேஜர் கையிலயே குடுத்துட்டேன்!"

"என்ன பேப்பர்?" என்று கேட்டபடியே அவள் துடைத்த துணியைக் கீழே போட்டாள்.

"உங்க குளத்துப் பேப்பர்தான். தேங்க்ஸ் எல்லாம் வேண்டாம்."

அவள் ஓடினாள். குழந்தைகள் குளத்தருகே மேனேஜர் சட்டைக் கையை மடித்துவிட்டு, காலி வாளியோடு வெற்றி வீரராக நின்றிருந்தார். தண்ணீரைப் பற்றி அவருக்குத் தெரிந்த ஒரே விஷயம் அதைக் குடிக்கலாம் என்பதுதான்.

"என்ன சார் போட்டீங்க?"

"சோடா! ரெண்டு வாளி! பேப்பர்ல நாலு புள்ளி ரெண்டுன்னு போட்டிருக்கு! பெரிய குளத்துத் தாள் ஃபைல்ல இருக்கு, சின்னதோடத மட்டும் காணோம், அப்ப இது அதுதானே? பச்சக் குழந்தைங்க இறங்குற இடம், வெந்து போயிடாதா? முன்னாடி அரிப்பு, வாடைன்னு வேற எழுதி வெச்சிருக்கீங்க! என்கிட்ட ஒரு வார்த்தை சொல்ல மாட்டீங்களா?"

தண்ணீரை எடுத்து அளந்தாள். ஒன்பதைத் தொட்டுக்கொண்டிருந்தது. அடி தெரியாமல் குளம் வெள்ளை வெளேரென்று கலங்கிக் கிடந்தது.

"சார், அது நம்ம குளமே இல்ல."

"அப்ப எந்தக் குளம்?"

அவள் காலி வாளியை வாங்கி ஓரமாக வைத்தாள்.

"அது... என் சொந்த விஷயம் சார்."

"சொந்த விஷயமா? நம்ம ஃபார்ம்லயா?" மேனேஜரின் புருவம் தலைமுடியைத் தொட்டது. "ஓஹோ! வேற ஏதோ கிளப்புக்குத் திருட்டுத்தனமா வேலை பாக்குறீங்க. அதான் இடம் எழுதல. ஆய்வாளர் வரட்டும். அவங்க முன்னாடியே கேட்டுடறேன்."

"தாளக் குடுங்க சார்."

"ஃபைல்ல கோத்தாச்சு!"

வாசலில் கார் வந்து நின்றது.

ஆய்வாளர் அம்மாவுக்கு ஊழியர்கள் வைத்திருந்த பெயர் 'சிவப்புப் பேனா'. போன வருடம் மட்டும் மூன்று குளங்களை இழுத்து மூடியவர். சிரித்ததாகச் சரித்திரம் இல்லை. அலுவலக அறையில் உட்கார்ந்து ஃபைலைப் புரட்ட ஆரம்பித்தார். ஒவ்வொரு தாளாகத் திருப்பிக்கொண்டே வந்தவர், அந்தத் தாளில் நின்றார்.

படித்தார். மறுபடி மேலிருந்து படித்தார். கைப்பையிலிருந்து ஒரு சின்ன நோட்டை எடுத்து, வரி வரியாக எழுதிக்கொள்ளத் தொடங்கினார். அவளுக்குத் தன் பதினோரு மாத உழைப்பும் அந்தச் சின்ன நோட்டுக்குள் இறங்கிக்கொண்டிருப்பதாகப் பட்டது.

"முதல் ஏழு நாள் சோடா போட்டிருக்கீங்க. எண் ஏற ஏற வாடையும் ஏறியிருக்கு?"

"ஆமா மேடம்."

"எட்டாம் நாள் அதை நிறுத்திட்டு மாத்திரை."

"குளோரின் மாத்திரை மேடம்!" என்று மேனேஜர் பாய்ந்தார். "பெரிய சைஸ்! நானே நேர்ல பாத்தேன்!"

ஆய்வாளர் அவரைத் திரும்பியே பார்க்கவில்லை. "ஒரு நாளைக்கு எத்தனை?"

"காலைல ஒண்ணு, ராத்திரி ஒண்ணு. சாப்பிட்டதும்" என்று அவள் வாய் தவறிச் சொல்லிவிட்டாள்.

"யாரு சாப்பிட்டதும்?" என்றார் மேனேஜர்.

ஆய்வாளர் அதையும் நோட்டில் எழுதிக்கொண்டார்.

"வாடை பன்னிரண்டாம் நாளே போயிடுச்சா? நிஜமாவா?"

"நிஜமா மேடம்."

"மேடம், இவங்க வேற கிளப்புக்கு..." என்று மேனேஜர் ஆரம்பித்தார்.

"நீங்க போய் ஃபில்டர் ரூமத் திறந்து வைங்க. நான் கூப்பிடற வரைக்கும் அங்கேயே இருங்க."

மேனேஜர் போனார். அவள் கதவையே பார்த்துக்கொண்டு நின்றாள். இன்னொரு கிளப் என்று ஒப்புக்கொண்டால் துரோகி. நம் குளம்தான் என்றால் பொய்க் கணக்கு எழுதியவள். எந்தப் பக்கம் போனாலும் வேலை காலி. மிச்சம் இருந்தது உண்மை ஒன்றுதான். அதைச் சொன்னால் மானம் போகும் என்று பயந்து பயந்துதான் ஓர் எலியை ஃப்ரிட்ஜுக்குப் பின்னால் தேடினாள். போதும் என்று தோன்றியது. தோளை நிமிர்த்தினாள்.

"மேடம், அது குளம் இல்ல. அது நான்."

ஆய்வாளரின் பேனா நின்றது.

"எனக்கு அடிக்கடி அந்தத் தொந்தரவு வரும். குளத்துக்குப் பண்றதையே எனக்கும் பண்ணினேன், முட்டாள்தனம். டாக்டர் சரி பண்ணினாங்க. இப்ப நல்லா இருக்கேன். பாத்ததை எழுதி வைக்கறது என் பழக்கம், அதனால எழுதினேன். குளத்துத் தாள்ல ஒரு எண் கூடப் பொய் இல்ல. சின்னக் குளம் இன்னிக்கிக் கலங்கினது மட்டும் மேனேஜர் சார் கைங்கரியம். எனக்கு ஒரு நாள் குடுங்க, தெளிய வெச்சுடறேன். இதுக்காக என்னை வேலைய விட்டு அனுப்பறதா இருந்தா அனுப்புங்க. ஆனா நான் எந்தத் தப்பும் பண்ணல."

சொல்லி முடித்ததும் அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. மானம் எங்கேயும் போகவில்லை. நின்ற இடத்திலேயே அவளோடு நின்றது.

ஆய்வாளர் அறிக்கையை இழுத்து எழுதினார். 'குழந்தைகள் குளம்: நாளை மறு ஆய்வு. பதிவேடு: மிக நேர்மை. நீர்ப் பொறுப்பாளர் பணி: திருப்தி.' கையெழுத்துப் போட்டு முத்திரை குத்தினார். பிறகு ஃபைலிலிருந்து அந்தத் தாளை மட்டும் கழற்றி, நான்காக மடித்து அவள் கையில் வைத்தார். எழுந்து போய்க் கதவைச் சாத்தினார். வாழ்நாளில் முதல் தடவையாகச் சிரிக்க முயன்ற மாதிரி அவர் உதடு கோணியது.

"அந்த டாக்டர் நம்பர் குடும்மா. நான் ரெண்டு வருஷமா எனக்கு மட்டும் ஏன் ஏழு புள்ளி நாலுக்கு ஏறவே மாட்டேங்குதுன்னு சோடா போட்டுக்கிட்டு இருக்கேன்."