பவனி கார் நின்ற வரலாறு

மனிதன் சக்கரத்தைக் கண்டுபிடித்த நாளில்தான் நாகரிகம் தொடங்கியது என்று பாடப் புத்தகங்கள் சொல்கின்றன. இது அவசரப்பட்டுச் சொன்னது. சக்கரத்தைக் கண்டுபிடித்தவனுக்கு அதை விற்கத் தெரியவில்லை. உண்மையான நாகரிகம் 1993ஆம் ஆண்டு, ராஜபாளையம் தென்காசி ரோட்டில் 'பவனி' கார் விற்பனை நிலையம் திறக்கப்பட்ட அன்று, நல்ல நேரம் பார்த்துத் தொடங்கியது. அந்த நிலையத்தின் விற்பனை அதிகாரி என்ற முறையில் இதைத் தன்னடக்கத்தோடு தெரிவித்துக்கொள்கிறேன். என் பெயர் தனுஷ்கோடி.

பவனி காரைப் பார்க்கக் கொடுத்துவைக்காதவர்களுக்காகச் சில விவரங்கள். நான்கு கதவுகள் உண்டு, மூன்று திறக்கும். ஹாரனை அழுத்தினால் வைப்பர் ஆடும். வைப்பரைப் போட்டால் ரேடியோ பாடும். இதை விளக்கப் புத்தகத்தில் 'ஒருங்கிணைந்த தொழில்நுட்பம்' என்று போட்டிருந்தார்கள். மழை பெய்தால் தண்ணீர் உள்ளே வரும். வந்த தண்ணீர் வெளியே போகாது. அப்படி ஒரு கச்சிதமான கட்டமைப்பு.

பொறாமைக்காரர்கள் இதைத் 'தரக்குறைவு' என்றார்கள். எங்கள் முதலாளி சங்கரலிங்கம் அண்ணாச்சி அதற்கெல்லாம் அசரவில்லை.

"ஏலே தனுஷ்கோடி, தரம் தரங்கானே, அது கண்ணுக்குத் தெரியுதாலே?"

"தெரியல அண்ணாச்சி."

"விற்பனை தெரியுதா?"

"செவுத்துல ஏறுதுல்லா அண்ணாச்சி."

சுவரில் சிவப்புப் பெயிண்டால் விற்பனைக் கோடு வரைந்திருந்தோம். ஆறே மாதத்தில் கோடு சுவரைத் தாண்டிவிட்டது. அண்ணாச்சி பெயிண்டரை வரவழைத்து, சாரத்தில் மல்லாக்கப் படுத்து அதைக் கூரையில் தொடர்ந்து வரையச் சொன்னார். வருகிறவர்கள் அண்ணாந்து பார்த்தார்கள். அண்ணாந்து பார்க்கிறவனுக்குக் காலடியில் ஒழுகும் ஆயில் தெரியாது.

விற்பனை ஏன் ஏறியது என்று ஆராய்ந்தவர்கள் உண்டு. ஒரு நூல் மில் முதலாளி முதல் பவனியை வாங்கினார். மூன்றாம் நாள் அது நடுரோட்டில் படுத்துவிட்டது. லாரியில் கட்டி இழுத்துப் போகலாம் என்றார்கள். "லாரி பின்னால போனா நம்ம கௌரதை என்னாகுறது?" என்றார் அவர். அதை இழுப்பதற்காகவே இரண்டாவது பவனி ஒன்றை வாங்கினார். இரண்டாவதும் படுத்தபோது மூன்றாவது வாங்கினார். அவருடைய வாசலில் மூன்று நிற்பதைப் பார்த்த எதிர்வீட்டு மில்காரர், தன் வீட்டில் ஒன்றுகூட இல்லையே என்று சாப்பாட்டைத் தள்ளினார். மறுநாள் நான்கு வாங்கினார். ஒரு பொருள் பிடித்திருந்தால்தானே ஒருவன் மறுபடியும் வாங்குவான்? பொருளாதாரம் படித்த எவராலும் இதை மறுக்க முடியாது. தலைமை அலுவலகத்திலிருந்து பாராட்டுத் தந்தி வந்தது.

ஸ்ரீவில்லிபுத்தூரில் எங்களுக்குக் கிடைத்த வரவேற்பைச் சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். அது தேரோடும் ஊர். ஒரு வண்டியைக் கயிறு கட்டி இழுப்பதைப் பார்த்துவிட்டால் அந்த ஊர்க்காரர்களுக்குக் கை சும்மா இருக்காது. பவனி வரும்போது கடையைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு ஓடிவந்து கயிற்றைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். இளவட்டங்கள் கூடச் சேர்ந்து இழுத்தார்கள். கார் வீடு போய்ச் சேர்ந்ததும், தேருக்குச் சொல்வதுபோல "நிலைக்கு வந்துருச்சு!" என்று யாராவது ஒரு சிதறுகாய் போட்டார்கள். 'மக்கள் நமது தயாரிப்பைத் தொட்டுக் கும்பிடுகிறார்கள்' என்று தலைமை அலுவலகத்துக்கு எழுதினேன். தொட்டது கயிற்றைத்தான் என்பதை இடமில்லாமையால் எழுதவில்லை.

படுத்துக்கொள்ளும் கார்கள் ஒருவகை. கிளம்பிவிடும் கார்கள் இன்னொரு வகை. அவை நிற்காது. இதற்கும் அண்ணாச்சி வழி கண்டார். தேர் ஓடும்போது அதன் சக்கரத்தடியில் முட்டுக்கட்டை போட்டு நிறுத்துகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களில் பேர்போனவர் சுந்தரபாண்டியன். அவரை மாதச் சம்பளத்துக்கு வைத்து, கிளம்பும் கார்களின் முன் சீட்டில் கட்டையோடு உட்காரவைத்தார். 'முட்டுக்கட்டை' என்ற சொல் வியாபாரத்துக்கு ஆகாது என்பதால் அதற்குத் 'துணைத் தடுப்பான்' என்று பெயர் வைத்தோம். சுந்தரபாண்டியன் 'வேகக் கட்டுப்பாட்டு ஆலோசகர்' ஆனார்.

இந்தப் பொற்காலத்தில் ஒரே ஒரு குறைதான். அதன் பெயர் கிருபாபாய்.

கிருபாபாய் அம்மா ஸ்ரீவில்லிபுத்தூரில் பிரசவம் பார்க்கும் நர்ஸ். பெரியாஸ்பத்திரியிலிருந்து ஓய்வு பெற்ற பிறகும் சுற்றுப்பட்டிக் கிராமங்களிலிருந்து அவரைத்தான் கூப்பிடுவார்கள். அதற்காகவே பவனி வாங்கினார். கணவர் எலியேசர் ஓட்டுவார். ஒருநாள் இருவரும் எங்கள் நிலையத்துக்கு வந்தார்கள். பஸ்ஸில் வந்தார்கள்.

"ஏ தனுஷ்கோடி, வண்டி நிக்க மாட்டேங்கு. புள்ள ஒரு ஊர்ல பொறக்கு, நான் அடுத்த ஊர்ல போயி இறங்குதேன்" என்றார் கிருபாபாய்.

"அம்மா, நீங்க கேட்ட தூரத்துக்கு மேலயே கொண்டுபோகுது. கம்பெனி அதுக்குத் தனியாக் காசு வாங்கல."

"எனக்கு பிரேக் வேணும்."

அண்ணாச்சி குறுக்கிட்டார். "இன்னொரு பவனி எடுத்துக்கோங்கம்மா. அது எப்படியும் ஓடாது. பின்னால கட்டிக்கிட்டா முன்னால போறத இழுத்துப் பிடிச்சுக்கும்."

"போன மாசம் ஒருத்தி பொழச்சது கர்த்தரோட கிருபை. இனி ஒரு உசுரு போச்சுன்னா யாரு பதில் சொல்லுவா? நீங்களா, அந்தக் கோடா?" என்று கிருபாபாய் கூரையைக் காட்டினார்.

கோட்டின் வளர்ச்சி விகிதத்தை நான் விளக்கினேன். அவர் கேட்கவில்லை. நேரே கம்பெனிக்கே எழுதிப்போட்டுவிட்டார்.

கம்பெனி உடனே 'தர உறுதிக் குழு' ஒன்றை அனுப்பியது. தலைவர் அருளப்பன், தலைமைப் பொறியாளர். அந்த வெயிலிலும் டை கட்டியிருந்தார். அவர் சொல்வதற்குத் தலையாட்ட இரண்டு உதவியாளர்கள் வந்திருந்தார்கள். மதுரையிலிருந்து மூவரும் ஒரு வாடகை டாக்ஸியில் வந்தார்கள். அது போட்டிக் கம்பெனியின் பழைய கார். எதிரியின் பலத்தை உட்கார்ந்து பார்க்கிறார்கள் என்று எடுத்துக்கொண்டேன்.

குழுவும், சுந்தரபாண்டியனைக் கட்டையோடு கூட்டிக்கொண்டு நானும் கிருபாபாய் வீட்டை அடைந்த அதே நேரத்தில், மகாராஜபுரத்திலிருந்து ஓர் ஆள் மூச்சிரைக்கச் சைக்கிளில் வந்து நின்றான்.

"அம்மா, சண்முகத்தாய்க்கு வலி கண்டுருச்சு! சீக்கிரம் வாங்க!"

கிருபாபாய் பையை எடுத்துக்கொண்டு டாக்ஸியைப் பார்த்து நடந்தார். அருளப்பன் கையை நீட்டி மறித்தார்.

"மன்னிக்கணும். இது குழுவின் அலுவலகப் பயன்பாட்டுக்கானது. பவனி இருக்கும்போது வேற கம்பெனி வண்டியில் உங்களை ஏற்றினால் அது பவனிக்கு அவமானம்."

"அப்போ நீங்களும் பவனியில ஏறுங்க. சோதனை பண்ணத்தான வந்திய?"

அவர் டையைச் சரிசெய்துகொண்டு ஏறினார். எலியேசர் ஜெபம் செய்துவிட்டு சாவியைத் திருகினார். தெருவே திரண்டு தள்ளியது. முன்னால் சுந்தரபாண்டியன், மடியில் துணைத் தடுப்பான். பின்னால் கிருபாபாய், அருளப்பன், நான். உதவியாளர்கள் சாப்பாட்டுக் கூடையோடு டாக்ஸியில் தொடர்ந்து வந்தார்கள்.

ஊரைத் தாண்டியதும் அருளப்பன் விசாரணையைத் தொடங்கினார்.

"டிரைவர், பிரேக்கை மிதித்தீர்களா?"

"மிதிச்சுக்கிட்டேதான் சார் வாரேன்."

"மிதிக்கும்போது என்ன தெரிகிறது?"

"ரோடு தெரியுது சார்."

நான் எட்டிப் பார்த்தேன். எலியேசரின் காலடியில் தகரம் விலகி, தார் ரோடு வேகமாகப் பின்னால் ஓடிக்கொண்டிருந்தது. அருளப்பன் 'வெளிப்படைத்தன்மை: நன்று' என்று குறித்துக்கொண்டார்.

மகாராஜபுரம் வந்தது. சண்முகத்தாய் வீட்டு வாசலில் பெண்கள் கூடி நின்று கையை ஆட்டினார்கள். கார் அவர்களைக் கடந்து போனது.

"ஏத்தா, வெந்நி போட்டு வைங்க, இந்தா வாரேன்!" என்று ஜன்னல் வழியாகக் கத்தினார் கிருபாபாய்.

"பாண்டியா, கட்டையப் போடு!" என்று எலியேசர் அலறினார்.

சுந்தரபாண்டியன் குதித்தார். ஓடினார். தேர்ச் சக்கரத்துக்குப் போடுவதுபோல வாகாகக் குனிந்து கட்டையைப் போட்டார். கார் அதன்மேல் ஏறி, இறங்கி, ரோட்டை விட்டு விலகி, யாரோ ஒரு விவசாயியின் வைக்கோல் படப்புக்குள் புகுந்து நின்றது.

"தேருன்னா அசைஞ்சு அசைஞ்சு வரும் சார். இது வடமே இல்லாம வருது. நான் என்ன செய்ய?" என்றார் சுந்தரபாண்டியன், வெளியிலிருந்து.

வைக்கோலுக்குள் இருட்டாக இருந்தது. அருளப்பனின் குரல் மட்டும் கேட்டது. "வண்டி நின்றுவிட்டதா?"

"நின்னுருச்சு சார்" என்றேன்.

"நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்."

திறக்கும் மூன்று கதவுகளில் ஒன்றைத் தேடிக் கண்டுபிடித்து, தலையெல்லாம் வைக்கோலோடு கிருபாபாய் பையைத் தூக்கிக்கொண்டு திரும்பி ஓடினார். அறுபது வயதுப் பெண்மணி அப்படி ஓடி நான் பார்த்ததில்லை. பவனி மட்டும் சொன்ன இடத்தில் நின்றிருந்தால் அந்த ஓட்டத்தைப் பார்க்கும் பாக்கியம் யாருக்கும் கிடைத்திருக்காது.

நாங்கள் ஒரு வேப்பமரத்தடியில் காத்திருந்தோம். உதவியாளர்கள் கூடையைத் திறந்து புளியோதரை எடுத்தார்கள். வீட்டுக்குள்ளிருந்து வந்த சத்தத்தில் எனக்கு இறங்கவில்லை. வெகுநேரம் கழித்துக் கிருபாபாய் வெளியே வந்தார்.

"பொம்பளப் புள்ள. கொடி கழுத்தச் சுத்தி, நீலம் பாரிச்சுக் கெடந்துச்சு. செத்த நேரம் பிந்தியிருந்தா தாயும் இல்ல, புள்ளயும் இல்ல. அந்தச் செத்த நேரத்தத்தான் சார் உங்க வண்டி தின்னுச்சு. இப்பமாவது பிரேக் சரியில்லன்னு எழுதுவியளா?"

என் கையிலிருந்த பவனி விளக்கப் புத்தகத்தை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டேன். விற்பனை அதிகாரிக்கு வெட்கம் எதற்கு என்று கேட்கலாம். இருக்கத்தான் செய்கிறது.

அருளப்பன் தொண்டையைச் செருமிக்கொண்டு அறிக்கையைப் படித்தார். "ஒன்று, பிரேக் என்பதன் நோக்கம் வண்டியை நிறுத்துவது. வண்டி நின்றிருக்கிறது. இரண்டு, எந்த இடத்தில் என்பது ஓட்டுநரின் எதிர்பார்ப்பைப் பொறுத்தது. எதிர்பார்ப்புக்குக் கம்பெனி பொறுப்பல்ல. மூன்று, பிரசவம் சுகமாக முடிந்தது பவனியின் சாதனைகளில் சேர்க்கப்படுகிறது. நான்கு, இந்த வட்டாரத்தில் விற்பனை இரண்டு மடங்காகியிருக்கிறது. தரமில்லாத காரை இவ்வளவு பேர் வாங்குவார்களா? மாட்டார்கள். ஆகவே தரம் இருக்கிறது. பவனி முழுப் பாதுகாப்பானது என்று குழு ஒருமனதாகச் சான்றளிக்கிறது."

உதவியாளர்கள் புளியோதரையோடு தலையாட்டினார்கள். மூவரும் கையெழுத்துப் போட்டார்கள். விற்பனை நிலையத்தின் சார்பில் நானும் போட்டேன்.

மை காயுமுன்னே, கிருபாபாய் இங்கே வந்திருப்பதைக் கேள்விப்பட்டு வ. புதுப்பட்டியிலிருந்து சைக்கிளில் ஒருவர் வந்தார். அங்கேயும் ஒரு பிரசவமாம். கிருபாபாய் எங்கள் யாரையும் கேட்கவில்லை. நேரே போய் டாக்ஸியில் ஏறி உட்கார்ந்தார்.

"அம்மா, அது அலுவலக வண்டி!" என்றார் அருளப்பன்.

"ஒங்களுக்குத்தான் அம்புட்டு நல்ல வண்டி இருக்கே சார். இப்பத்தான கையெழுத்துப் போட்டிய. அதுல போங்க" என்றவர் டிரைவரிடம், "எடுப்பா" என்றார்.

நீலம் பாரித்த பிள்ளை என்று அவர் சொன்னதை அந்த டிரைவரும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். குழுவின் பெட்டிகளை ஒவ்வொன்றாக இறக்கிவைத்துவிட்டு வண்டியை எடுத்தார். அது புதுப்பட்டிப் பக்கம் போய் மறைந்தது.

ஊர்க்காரர்கள் பவனியைப் படப்பிலிருந்து இழுத்து, வைக்கோலைத் தட்டி, ரோட்டில் நிறுத்தினார்கள். எலியேசர் சாவியைத் திருகினார். வாங்கிய நாளிலிருந்து முதன்முறையாக அது ஒரே திருகலில் கிளம்பியது.

"ஏறுங்க சார். ஸ்ரீவில்லிபுத்தூர் போயிருவோம். பொறவு அதுக்கு அங்கிட்டும் போயிருவோம்."

அருளப்பன் வானத்தைப் பார்த்தார். கடியாரத்தைப் பார்த்தார். "டாக்டர் என்னை தினமும் நடக்கச் சொல்லியிருக்கிறார்" என்று பெட்டியைத் தூக்கினார். உதவியாளர்கள் இருவருக்கும் அவரவர் டாக்டர் அதையேதான் சொல்லியிருந்தாராம். சுந்தரபாண்டியன் கட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு, "எனக்கு டாக்டரெல்லாம் கெடையாது. பயந்தான்" என்று அவர்களுக்கு முன்னால் நடந்தார்.

"நீயாவது ஏறுதியா தனுஷ்கோடி? நீதான வித்த?" என்றார் எலியேசர்.

நான் செருப்பைச் சரிசெய்வதுபோலக் குனிந்துகொண்டேன். எலியேசர் எஞ்சினை அணைத்து, சாவியை உருவி என் சட்டைப் பையில் போட்டார். "அண்ணாச்சிகிட்ட குடுத்துரு. எங்க வீட்டு அம்மா இனி இதுல ஏற மாட்டாவ" என்று சொல்லி, புதுப்பட்டிக்காரரின் சைக்கிள் கேரியரில் ஏறிக்கொண்டார்.

கூடியிருந்தவர்களில் ஒருத்தர் கேட்டார். "ஏ சார், நல்ல வண்டின்னு எழுதுன அம்புட்டுப் பேரும் நடந்து போறியளே, ஒங்களுக்கே அது மேல சந்தேகமா?"

அபாண்டமான பேச்சு. அதற்குப் பதில் சொல்வதற்காகவே இந்த வரலாற்றை எழுதினேன். பவனியின் தரத்தைப் பற்றிச் சந்தேகம் இருந்ததெல்லாம் வாங்கியவர்களுக்குத்தான். விற்ற எங்களில் ஒருவருக்கும் துளிச் சந்தேகம் கிடையாது. அதனால்தான் அத்தனை பேரும் நடந்தோம்.