நூறு வாட் சாட்சி

ஆறாயிரத்து எழுநூற்று நாற்பது. மெக்கானிக் தன் மச்சினனுக்குத் தர வேண்டிய பாக்கி அது. இடுப்புப் பிடித்துக்கொண்டு இரண்டு மாதம் கட்டிலோடு கிடந்தபோது வாங்கியது.

மச்சினன் வீடியோ கேம் கடை வைத்திருப்பவன். அவனிடம் ஆள் உயரத்துக்கு ஒரு பழைய விளையாட்டுப் பெட்டி இருந்தது. காசு போட்டால் சத்தம் வரும், பொத்தானை அமுக்கினால் குண்டு வெடிக்கும். திரை மட்டும் செத்துக் கிடந்தது. நாலு பேரை வைத்துத் தூக்கி வந்து அக்கா வீட்டுக் கூடத்தில் நிறுத்தினான்.

"மாமா, சனிக்கிழமை மத்தியானத்துக்குள்ள இதுல படம் வந்துட்டா கணக்கு தீந்துச்சு. வரலைன்னா நம்ம கடைக் கல்லாவுல உக்காந்து சில்லறை மாத்திக் குடுத்துக் கழிச்சிடுங்க."

இருபத்தாறு வருஷம் ஸ்குரூ டிரைவர் பிடித்த கை. அது பொடிப் பயல்களுக்குச் சில்லறை எண்ணுவதா?

"படம் வரும்," என்றார் மெக்கானிக்.

உலகத்தில் அவர் நம்பியது ஒன்றைத்தான்: மேசைக்கு மேலே சுவரில் மாட்டியிருந்த நூறு வாட் குண்டு பல்பு. கண் கூசாமலிருக்க அதன்மேல் ஒரு தகர டப்பாவைக் கவிழ்த்திருந்தார். ரிப்பேருக்கு வரும் எந்தச் சாமானுக்கும் கரண்ட் அந்த பல்பு வழியாகத்தான் போகும். மங்கலாக எரிந்தால் சாமான் நல்ல சாமான். பளிச்சென்று எரிந்தால் உள்ளே ஷார்ட். அதை நேராகச் சுவர் பிளக்கில் குத்தினால் வெடிக்கும். "பல்பு பொய் சொல்லாது" என்பார். மனிதர்களைப் பற்றி அவர் அப்படிச் சொன்னதில்லை.

புதன்கிழமை பெட்டியின் முதுகைத் திறந்தார். திரைக்குப் போகும் ஃபியூஸ் கருகியிருந்தது. இவ்வளவுதானா என்று சிரித்துக்கொண்டே புதுசு போட்டு, திரையின் ஒயரை பல்பு வழியாகக் கொடுத்தார்.

பளிச்.

"ஷார்ட்டு," என்றார், சிரிப்பு பாதியில் நிற்க.

"வெளிச்சம் அருமையா இருக்கு மாப்பிள்ளை," என்றாள் மூலையில் பூண்டு உரித்துக்கொண்டிருந்த மாமியார். "உடனே அணைச்சிடாதீங்க."

டையோடு நாலையும் மாற்றினார். பளிச். பெரிய கண்டென்சரை மாற்றினார். பளிச். வியாழக்கிழமை டிரான்சிஸ்டரைப் பிடுங்கும்போது விரலைச் சுட்டுக்கொண்டார். வாயில் விரலை வைத்துக்கொண்டே இடது கையால் புதியதைப் பற்றவைத்தார். பளிச். மாமியார் அன்றைக்கு ஒரு கிலோ பூண்டு உரித்து முடித்தாள்.

"எல்லாம் புது சாமான். அப்புறம் எப்படி ஷார்ட்டு?" மெக்கானிக் தரையில் உட்கார்ந்து இடுப்பைப் பிடித்துக்கொண்டார்.

"கல்லாவுல நாற்காலி இருக்காம். முதுகு சாய்ச்சுக்கலாம்," என்றாள் மனைவி.

அந்தச் சொல் சுருக்கென்று தைத்தது. எழுந்தார். "நல்லா ஓடுற பெட்டி ஒண்ணு பக்கத்துல இருந்தா ஒப்பிட்டுப் பாத்துடலாம். நம்ம டிவியைக் கொண்டா."

மனைவியின் தொடர் ஓடிக்கொண்டிருந்தது. கதாநாயகி கதவைத் திறக்கும் நேரத்தில் ஒயரைப் பிடுங்கி, பல்பு வழியாகக் கொடுத்தார்.

பளிச்.

மெக்கானிக் ஒயரைப் பிடுங்கிக் கீழே போட்டார். "அடியே, இதுவும் ஷார்ட்டு!"

"என்ன உளர்றீங்க? இப்பதானே ஓடிட்டிருந்துச்சு!"

"ஓடும். ஷார்ட்டோடயே ஓடியிருக்கு. இத்தனை நாள் வெடிக்காம விட்டதே பெரிசு!"

வெள்ளிக்கிழமை சாயங்காலத்துக்குள் டிவி நாற்பத்தோரு துண்டாக அலுமினிய வாளியில் கிடந்தது. அடுத்து சமையலறை ரேடியோ. அதுவும் ஷார்ட்தான். மனைவி மிக்ஸியை இடுப்பில் இடுக்கிக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போய்விட்டாள்.

"வீட்டுல ஒரு சாமான்கூட உருப்படியில்லையே அத்தை!"

"சாமானை விடுங்க, இந்த வெளிச்சம் ஒண்ணே போதும்," என்றாள் மாமியார், கிழிந்த தலையணை உறையை மடியில் போட்டு ஊசியில் நூல் கோத்தபடி. "கண்ணாடி போடாமலே கோத்துட்டேன் பாருங்க."

அவர் விடவில்லை. சனிக்கிழமை காலை, பெட்டிக்குள் பாதி உடம்பை நுழைத்து, மிச்சமிருந்த கடைசி டிரான்ஸ்ஃபார்மரையும் மாற்றினார். பல்பு ஈவிரக்கமில்லாமல் எரிந்தது.

பன்னிரண்டுக்கு மச்சினன் வந்தான். வாளியைப் பார்த்தான். ரேடியோவின் எலும்புக்கூட்டைப் பார்த்தான். மிக்ஸியோடு வாசலில் நின்ற அக்காவைப் பார்த்தான்.

"மாமா, அந்த பல்பைச் சுத்தி ஏன் போறீங்க? நேரா சுவத்துல குத்திப் பாத்துடலாம்."

"குத்தாதே! கூடமே பறந்துடும்!"

மச்சினன் ஒயரைப் பறித்துக் குத்தினான். மெக்கானிக் மேசைக்கடியில் பாய்ந்தார். மனைவி மிக்ஸியைக் கட்டிக்கொண்டு குனிந்தாள்.

உம்ம்ம் என்று ஒரு முனகல். கண்ணாடியில் முதலில் ஒரு பச்சைப் புள்ளி தெரிந்தது. பிறகு வானம், வானத்திலிருந்து வரிசையாக இறங்கும் வண்டுகள். படம் தண்ணீரில் கழுவியது போலத் தெளிவாக இருந்தது.

"மாமா! கடையில வாங்கும்போதுகூட இப்படித் தெரியலை!" மச்சினன் சட்டைப் பையிலிருந்து சின்ன நோட்டை எடுத்து, ஆறாயிரத்து எழுநூற்று நாற்பதின்மேல் குறுக்கே ஒரு கோடு இழுத்து, அந்தத் தாளையே கிழித்து அவர் கையில் கொடுத்தான். "தீந்துச்சு."

மெக்கானிக் தாளைப் பிடித்தபடி மேசைக்கடியிலிருந்து மெதுவாக எழுந்தார். கண் திரைக்கும் பல்புக்கும் மாறி மாறிப் போனது.

"அப்ப என் டிவி?" என்றாள் மனைவி.

"இருடி... பல்பு பளிச்சுன்னு எரிஞ்சுதே. நாலு நாளா, எதைக் குடுத்தாலும் பளிச்சுன்னு எரிஞ்சுதே!"

"எரியாம என்ன மாப்பிள்ளை," என்றாள் மாமியார் நூலைப் பல்லால் கடித்து அறுத்தபடி, பெருமை பொங்க. "அந்தப் பழைய பல்பு எப்பப் பாத்தாலும் மங்கி மங்கி எரிஞ்சுது, உங்க கண்ணு கெட்டுடுமேன்னு செவ்வாக்கிழமை நான்தான் எல்இடி வாங்கி மாத்தினேன், கரண்ட் எவ்வளவு கம்மியா வந்தாலும் ஒரே மாதிரி பளிச்சுன்னு எரியும்னு கடைக்காரர் சத்தியமே பண்ணினார்!"