அப்பளம் மேடத்தின் கையெழுத்து

தஞ்சாவூர் ஜில்லாவிலேயே, உள்ளே காலியாக இருக்கும் எதையும் நம்பாத ஒரே பிறவி எங்கள் அப்பளம் மேடம்தான். பஸ்ஸில் ஏறினால், உட்காரும் முன் கம்பியைக் கட்டைவிரலால் அமுக்கிப் பார்ப்பார். தங்கைக்குப் பார்த்த மாப்பிள்ளை வீட்டில் இரும்புக் கட்டிலைத் தட்டி, "குழாயோட சுவரு மெலிசுங்க" என்று சொன்னதில் சம்பந்தமே முறிய இருந்ததாம்.

அரபு நாட்டுப் பணத்தில் ஊருக்கு ஊர் மண்டபம் எழும்பிய காலம். கூரையைத் தாங்கும் சட்டங்களை இரும்புக் குழாயில் செய்வதுதான் மவுசு. எங்கள் இன்ஜினியரிங் ஆபீஸில் அதற்கு வரைபடமும் பலக் கணக்கும் நான் போடுவேன். சரிபார்த்துக் கையெழுத்திட வேண்டிய மேடம் திருப்பி எறிவார்.

"குழாய் தாங்கும் தம்பி. ஒண்ணோட ஒண்ணு சேர்ற இடம் தாங்குமா?"

"வெல்டிங் பலமா இருக்கு மேடம்."

ஒருநாள் மெஸ்ஸில், என் இலையிலிருந்த அப்பளத்தின் மேல் கரண்டிக் காம்பை நிறுத்தி அழுத்தினார். "கரண்டி உடைஞ்சுதா? அப்பளம்தானே உடைஞ்சுது! சாய்வா வர்ற குழாய், படுக்கைக் குழாயோட சுவத்த இப்படித்தான் குத்தும். மூங்கிலுக்கு ஆண்டவன் கணு வெச்சான். உன் குழாய்க்கு நீ என்ன வெச்ச?"

மெஸ்ஸே சிரித்தது. பட்டப்பெயர் வைத்தவன் நான்தான். அவர் காதுபடவே சொல்வேன்.

பாபநாசத்தில் ஹாஜியார் ஒருவர் மண்டபம் கட்டினார். முதல் கல்யாணமே அவர் மகளுக்கு. எனக்குத் துபாயில் வேலை கிடைத்திருந்தது. ஆபீஸ் தரும் அனுபவச் சான்றிதழ் மட்டும்தான் பாக்கி; இந்த மண்டபத்து வேலையை முடித்தால்தான் அது கிடைக்கும். மேடம் லீவு. எடை குறையட்டுமென்று மெல்லிய சுவர்க் குழாயாக மாற்றினேன். இணைப்புகளைச் சரிபார்க்கவில்லை. அவசரத்தில் மேடத்தின் கையெழுத்தையும் நானே போட்டேன். நன்றாகவே போட்டேன்.

கூரைத் தகடு ஏற்றும்போது நான்கு இணைப்புகளில் குழாய் குழிந்துவிட்டது. நல்லவேளை, யாருக்கும் அடியில்லை. ஹாஜியார் வரைபடத்தோடு ஆபீஸுக்கே வந்துவிட்டார்.

"இது யாரு கையெழுத்துங்க? கல்யாணத்துக்கு இருபது நாள்தான் இருக்கு."

மேடம் வாங்கிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"என்னுதுதாங்க."

நான் வாயைத் திறக்கவில்லை.

மறுநாளே புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு சாரத்தில் ஏறிவிட்டார். "அம்மா, இறங்குங்க, நாங்க பாத்துக்குறோம்" என்று வெல்டர்கள் கெஞ்சினார்கள். கேட்டால்தானே! முட்டுக் கொடுத்து, இணைப்புக்கு இணைப்பு தடித்த தகடு வைத்து, வெல்டிங் செய்யவைத்துவிட்டுத்தான் இறங்கினார்.

கல்யாணம் அங்கேயே நடந்தது. பிரியாணி சாப்பிட்டவர்களில் நானும் ஒருவன். சரிபார்க்கும் வேலையிலிருந்து மேடத்தை எடுத்து, ஃபைல் அடுக்கும் அறையில் போட்டுவிட்டார்கள். அப்போதும் நான் பேசவில்லை. சான்றிதழை வாங்கிக்கொண்டு விமானம் ஏறினேன்.

எட்டு மாதம் கழித்துத் துபாயிலிருந்து ஆபீஸுக்கு போன் போட்டேன்.

"மேடம், அந்தக் கையெழுத்து..."

"என் கையெழுத்து என்னிக்குப்பா அவ்வளவு அழகா இருந்துது? அத விடு. அங்க சாப்பாடு ஒத்துக்குதா?"

ஒத்துக்கொள்கிறது என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அழுகைதான் வந்தது. நான் அழுது முடிக்கும்வரை அவர் போனை வைக்கவில்லை.