வின்ச் அண்ணாத்தே பெடல் வாங்கிய கதை

திருவொற்றியூரில் கிடார் வாசித்தவர்களில், வாசித்த நேரத்தைவிட அதற்குப் பெடல் தேடி அலைந்த நேரம் அதிகமான ஒரே மனிதர் வின்ச் அண்ணாத்தேதான். அந்தத் தேடலில் என் தூக்கமும் மானமும் போனதை இதுவரை ஒருவரும் கேட்கவில்லை. அதனால் நானே எழுதுகிறேன்.

அவர் துறைமுகத்தில் கப்பல் மேல்தளத்தில் நின்று, கொக்கியில் சரக்கைத் தூக்கி இறக்கும் வின்ச் ஓட்டுகிறவர். இயந்திரத்தின் பெயரே அவருக்கும் ஒட்டிக்கொண்டது. சொந்தப் பெயர் ரேஷன் கார்டுக்கு மட்டும் தெரியும். நான் சடையங்குப்பத்தில் வெள்ளம் புகுந்து பாயும் சட்டையும் போன பிறகு, அவருக்குப் பக்கத்துப் போர்ஷனுக்குக் குடிவந்தேன். கண்டெய்னர் யார்டில் லாரி எண் எழுதும் வேலை. எட்டாவது வரை படித்தவனுக்கு அது தாராளம். எங்கள் இருவருக்கும் நடுவில் ஒற்றைச் செங்கல் சுவர்.

அவருடைய இன்னொரு பக்கச் சுவர் வீட்டுக்கார தேசம்மா அக்காவுடையது. காசிமேட்டில் மீன் ஏலம் எடுக்கிறவர். ஊர் எழும் முன்பே கிளம்பி, மதியம் திரும்பி, சாப்பிட்டுப் படுப்பார். அண்ணாத்தே காலை ஷிப்ட் முடிந்து வந்து கிடாரைத் தூக்குவதும் அதே மதியம்தான்.

ஒருநாள் அக்கா அவர் வாசலில் வந்து நின்றார். "தோ பாரு, நான் கண்ண மூடசொல்லோ நீ கிடார தொறக்கிற. இன்னொரு தபா செவுத்துக்கு இந்தாண்ட சத்தம் வந்துச்சு, பொட்டிய கட்டிக்கினு போய்கினே இரு."

அண்ணாத்தேக்கு முகம் செத்துவிட்டது. கிடாரால் ராயபுரத்தில் இரண்டு வீடு, எண்ணூரில் ஒன்று ஏற்கெனவே காலி. தனி ஆள், கையில் கிடார் என்றால் யார் வீடு தருவார்கள்?

"நைனா, சத்தம் கம்மியா இருக்கணும், ஆனா ஸோக்கா இருக்கணும். அதுக்கு பெடல்தான் வழி" என்றார்.

பெடல் என்பது கிடாருக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவே வைத்துக் காலால் மிதிக்கிற சின்ன இரும்புப் பெட்டி. ஒன்று சத்தத்தைக் கரகரப்பாக்கும், ஒன்று வாசித்ததையே திருப்பிச் சொல்லும், ஒன்று எதிரொலி கொடுக்கும். 'வீட்டில் வாசிக்க எந்தப் பெடல்?' என்று போனில் வெள்ளைக்காரர்கள் சொல்லும் வீடியோ எல்லாவற்றையும் என்னையும் உட்காரவைத்துப் பார்த்தார். வீடா அது? கம்பளம் விரித்த அந்த அறைக்குள் எங்கள் தெருவையே சுருட்டி வைக்கலாம். 'மெதுவாக வாசிக்கலாம், பக்கத்து வீட்டாருக்குத் தொந்தரவு இராது' என்கிறார் ஒருவர். அவருக்குப் பக்கத்து வீடு ஒரு மைல் தள்ளி இருக்கும் போலிருக்கிறது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அடுத்து மவுண்ட் ரோடு பக்கம் ஒரு கடை. ஐந்து தடவை போனோம். ஐந்து தடவையும் என் வார லீவு. அண்ணாத்தே வேலைக்குப் போடும் இரும்பு முனை பூட்ஸோடு பெடலை மிதிப்பார். கடைக்காரர் பல்லைக் கடித்துக்கொண்டு புன்னகைப்பார்.

"சார், இது சர்ச் எதிரொலி."

"நான் ராயபுரத்துல கொயர்ல பாடுனவன்பா. இது சர்ச் இல்ல, ஏசி போட்ட கல்யாண மண்டபம். எனக்கு கப்பல் கெடங்கு மாரி வேணும்."

கடைக்காரர் இன்னொன்றை மாட்டினார். அண்ணாத்தே கண்ணை மூடிக் கேட்டார்.

"கெடங்குதான். ஆனா சரக்கு ரொம்பிக் கீது. எனக்கு காலிக் கெடங்கு."

"அப்ப ஹெட்போன் மாட்டுற பெடல் ஒண்ணு இருக்கு சார். வெளியே சத்தமே வராது. வீட்டுக்கு அதுதான் சரி."

"டெக்குல காத மூடிக்கினு நின்னவன் உசுரோட எறங்குனதில்ல. மேல கொக்கி வர்றது எப்டிபா கேக்கும்?"

கடையில் எங்கே கொக்கி தொங்குகிறது? கேட்டால் கோபம் வரும். கடைசியில் ஹெட்போன் இல்லாத ஒரு எதிரொலிப் பெடலை இரவல் கேட்டு வாங்கி வந்தார்.

அப்போதுதான் என் தலையில் அந்த வேலை விழுந்தது. வின்ச் ஓட்டுகிறவருக்குக் கிடங்கின் உள்ளே தெரியாது. விளிம்பில் நிற்கும் சிக்னல்காரர் கை காட்டினால்தான் தூக்குவார், இறக்குவார். அந்தக் கைக்கு மட்டும்தான் கட்டுப்படுவார். நான் அவர் கண்ணில் படும்படி தேசம்மா அக்கா ஜன்னலோரம் நின்று, சத்தம் எதுவரை தாங்கும் என்று அவருக்குக் கை காட்ட வேண்டுமாம். விரலை மேலே சுழற்றினால் ஏற்று. முஷ்டியை உயர்த்தினால் நிறுத்து.

வெயிலில் நின்றேன். விரலைச் சுழற்றினேன். அவர் ஒரு துளி ஏற்றினார். ஜன்னல் பக்கம் ஒன்றும் கேட்கவில்லை. மறுபடியும் சுழற்றினேன். தொண்டை வறண்டது. முனைக் கடைக்கு ஒரு டீ குடிக்கப் போனேன். மனிதன் டீ குடிக்கக் கூடாதா?

பாதி டீயில் தெரு அதிர்ந்தது. ஓடி வந்தால், நான் கடைசியாகக் காட்டிய சிக்னல்படி அண்ணாத்தே ஏற்றிக்கொண்டே இருக்கிறார். ஜன்னலில் தேசம்மா அக்கா தலைவிரி கோலமாக நின்று கத்துகிறார்.

"நிறுத்துடா பேமானி!"

"நீ நவுரு அக்கா, சிக்னல்காரன் சொல்லணும்!"

முஷ்டியை உயர்த்தினேன். அந்த நொடியே சத்தம் நின்றது. ஆனால் அக்கா நிற்கவில்லை. "ஞாயித்துக்கெழமைக்குள்ள வூடு காலி ஆவணும்" என்று சொல்லிவிட்டுக் கதவை அறைந்தார்.

"நீ ஏன் நைனா எடத்த வுட்டுப் போன?" என்று அண்ணாத்தே கேட்டார். திட்டியிருந்தால் தேவலை.

மறுநாள் வேலைக்கு லீவு போட்டேன். அந்த நாள் கூலி போனது போனதுதான். அவரை இழுத்துக்கொண்டு கடைக்குப் போய், அந்த ஹெட்போன் பெடலை எடுத்துவைக்கச் சொன்னேன். அவர் கொக்கிக் கதையை ஆரம்பித்தார். எனக்கு வந்த ஆத்திரத்தில் நடுக்கடையில் முஷ்டியைத் தூக்கினேன். அவர் வாய் பாதியில் நின்றது.

"இன்னா நைனா, கடையில..." என்று முனகினார். ஆனால் வாங்கினார்.

வெள்ளி, சனி இரண்டு நாளும் மதியம் ஹெட்போனோடு வாசித்தார். தேசம்மா அக்கா குறட்டை விட்டுத் தூங்கினார். ஞாயிறு மதியம், பெட்டி கட்டிக்கொண்டிருந்த அண்ணாத்தேயின் வாசலில் அக்கா ஒரு தட்டு வறுத்த நெத்திலியை வைத்து, "பொட்டிய எறக்கி வை" என்று மட்டும் சொன்னார்.

வீடு தப்பியது. என்னிடம் ஒரு நன்றி? கிடையாது. அது மட்டுமா, வருஷம் பூராவும் ஓசியில் கேட்ட பாட்டும் நின்றுபோனது. சுவரில் காதை வைத்தால் கம்பி கீறும் சத்தம், கொசு மாதிரி. 'ஒரு மனிதனுக்காக வெயிலில் நின்றால் இதுதான் மரியாதை' என்று திட்டிக்கொண்டே அந்த வாரம் முழுக்கச் சோறு ஆக்கினேன்.

அடுத்த ஞாயிறு மதியம் கூப்பிட்டார். "ஒக்காரு நைனா" என்று ஹெட்போனை என் தலையில் மாட்டிவிட்டு வாசிக்க ஆரம்பித்தார். ஒரு பெரிய இடத்தின் நடுவில் தனியாக நிற்பது போல இருந்தது. அவர் குனிந்து பெடலை வெறுங்காலால் மிதித்தார், என் முகத்தைப் பார்த்தார், மறுபடி வாசித்தார். பாட்டு முடிகிற நேரத்தில்தான் எனக்கு உறைத்தது. இருந்தது ஒரே ஒரு ஹெட்போன். அந்தக் கொசுச் சத்தம் தவிர, அவர் வாசித்ததில் ஒன்றுகூட அவருக்குக் கேட்டிருக்காது.