இடமுறுக்குத் தோஷம்

ஞாயிற்றுக்கிழமை வந்தால் திருப்பூரில் பிரியாணிக் கடையைவிடக் கூட்டம் அள்ளியது டி.என்.ஏ. லிங்கசாமியின் மண்டபத்தில்தான். நெற்றியில் பட்டை, உடம்பில் டாக்டர் கோட்டு. ஆன்மிகம் பாதி, விஞ்ஞானம் பாதி. இரண்டையும் அவர் படித்ததில்லை.

உப்புத் தண்ணீரைக் கொப்பளித்துக் குப்பியில் துப்ப வேண்டும். வர முடியாதவர்கள் கொடுத்தனுப்பினாலும் போதும். சாமி இரண்டு சொட்டுச் சோப்பு விட்டு, ஜில்லென்ற ஸ்பிரிட்டை மேலாக ஊற்றுவார். வெள்ளை வெள்ளையாக நூல் மிதக்கும். அதுதான் டி.என்.ஏ. என்பார். அதுவரை சொன்னது நிஜம்தான், பாவம். அதற்குமேல்தான் புளுகு. அந்த நூல் வலப்பக்கம் முறுக்கியிருந்தால் வலமுறுக்கு, யோகமாம்; இடப்பக்கம் என்றால் இடமுறுக்கு, தோஷமாம். தோஷம் தீர இடுப்பில் கட்ட ஒரு செம்புச் சுருளும் அவரே விற்றார்.

வேறு ஊராக இருந்தால் சிரித்திருப்பார்கள். இது பனியன் ஊராயிற்றே! நூலில் முறுக்கு கோணினால், துவைத்த மறுநாள் பனியனின் பக்கத் தையல் தொப்புளுக்கு வந்து நிற்கும் என்று இங்கே எல்லாருக்கும் தெரியும். மனுஷனுக்குள்ளும் முறுக்கு என்றதும் பனியன் கம்பெனி செக்கிங் சூப்பர்வைசர் சாரதாமணி அப்படியே நம்பிவிட்டாள். இத்தனைக்கும் நூல் பார்க்கிற பூதக்கண்ணாடி ஒன்று இருபது வருஷமாக அவள் கைப்பையிலேயே கிடக்கிறது.

மகன் பரணிக்குச் சண்முகப்பிரியாவைப் பேசி முடித்தவளே அவள்தான். சாயப்பட்டறை லேபில் கெமிஸ்ட், தங்கமான பெண். நிச்சயத்துக்குப் பத்து நாள்தான் இருந்தது. எதற்கும் பார்த்துவிடலாமே என்று இருவரையும் கூட்டிப் போனாள். பரணி வலமுறுக்கு, பெண் இடமுறுக்கு, சேர்த்தால் ஆறே மாதத்தில் பிரிந்துவிடும் என்றார் சாமி. சாரதாமணிக்கு அழுகையே வந்துவிட்டது. பெண்ணையும் விட மனசில்லை, பயத்தையும் விட மனசில்லை.

பிரியா அழவில்லை. அடுத்த ஞாயிறு காலை மூன்று குப்பிகளோடு சாரதாமணி வீட்டுக்கு வந்தாள். ஏ, பி இரண்டிலும் பரணியைத் துப்ப வைத்தாள். சி-யில் ஒரு பூவன் பழத்தைப் பிசைந்து, உப்புத் தண்ணீர் விட்டு, டீ வடிகட்டியில் வடித்து ஊற்றினாள். சாமியைச் சோதிப்பது பாவமில்லையா என்று சாரதாமணி இழுத்தாள்.

"எங்க லேபுல எந்தக் கம்பெனித் துணின்னு பேரு தெரிஞ்சா கலர் பாக்கறவங்க முடிவே மாறிருமுங்க, அத்தை. அதான் ஏ, பி, சி-ன்னு மட்டும் ஒட்டி அனுப்புவோம். சாமியும் அப்படிப் பாக்கட்டுமுங்க."

மண்டபத்தில், மகனுக்கு வேறு மூன்று பெண் பார்த்திருப்பதாகச் சொல்லிச் சாரதாமணி குப்பிகளை நீட்டினாள். பரணியும் பிரியாவும் பின்னால் கூட்டத்தோடு நின்றார்கள். ஏ வலமுறுக்கு, மகாலட்சுமி என்றார் சாமி. பி இடமுறுக்கு, அந்த வீட்டுப் பக்கமே போகாதீர்கள் என்றார். சி-யைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்து மெய்மறந்து போனார்.

"ராஜயோகமுங்க. இந்தப் பொண்ணையே கட்டி வையுங்க. வருஷத்துக்குள்ள ஆம்பளப் பேரன்."

பரணி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தான். சாரதாமணிக்கு முகம் சிவந்தது.

"முதல் ரெண்டும் ஒரே ஆளுங்க, என்ற மவன். மூணாவது பூவம்பழமுங்க."

பழத்துக்கும் ஆத்மா உண்டு என்று சமாளித்தார் லிங்கசாமி. பிரியா கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினாள். டி.என்.ஏ. இரண்டு இழை, ஒவ்வொன்றும் சர்க்கரையும் பாஸ்பேட்டும் மாறி மாறிக் கோத்தது, நடுவில் ஏணிப்படி மாதிரி ஏ, டி, ஜி, சி என்று நாலு ரசாயனம், அதில் ஏ-க்கு டி, ஜி-க்கு சி என்று ஜோடி. உங்களுக்கும் எனக்கும் வாழைப்பழத்துக்கும் அந்த ஏணி வலப்பக்கமாகத்தான் முறுக்கியிருக்கும் என்றாள்.

சாரதாமணி பூதக்கண்ணாடியை எடுத்து நீட்டினாள். "முறுக்கை இதுல காட்டுங்க சாமி."

"அதுலயும் தெரியாதுங்க அத்தை. தலைமுடியில நாப்பதாயிரத்துல ஒரு பங்குதான் அதோட தடிமன்."

"அப்ப இவுரு வெறுங்கண்ணுல எப்படிப் பாத்தாருங்க?" என்று சாரதாமணி கூட்டத்தைக் கேட்டாள்.

மண்டபமே அவர் பக்கம் திரும்பியது. சாமி பின்வாசல் பக்கம் திரும்பினார்.

நிச்சயம் குறித்த நாளில் நடந்தது. தாம்பூலத் தட்டில் பூவன் பழம்தான் வேண்டும் என்று சாரதாமணி ஒற்றைக்காலில் நின்றாள்.

ஒரு கிலோ நூல் வாங்க ஒன்பது சோதனை போடுகிற ஊரே! உன் பிள்ளையின் வாழ்க்கைக்கு விலை பேச வந்தவனிடம் ஒரே ஒரு கேள்வி கேட்க உனக்கு ஏன் நாக்கு எழவில்லை?