நூற்றுக்கு நூறு வித்வான்

நம்மிடையே சத்தமில்லாமல் பெருகிவரும் இனம் ஒன்று உண்டு: திரை வித்வான். அடையாளம் சுலபம். பேருந்துக்குக் காத்திருக்கும்போதும், பல் மருத்துவர் கூப்பிடும் வரையிலும், மனைவி முக்கியமாக ஏதோ சொல்லிக்கொண்டிருக்கும்போதும் அவருடைய கட்டைவிரல்கள் கைப்பேசியைத் தட்டிக்கொண்டே இருக்கும்; பாட்டு ஓட ஓட மேலிருந்து வண்ணப் புள்ளிகள் விழும்; அவை கோட்டைத் தொடும் நொடியில் சரியாகத் தட்டினால் திரை 'அபாரம்' என்று மெச்சும். நாளொன்றுக்கு நானூறு தடவை அபாரமாகிற மனிதருக்குத் தலைக்கனம் வராமல் எப்படி இருக்கும்?

எனக்குத் தெரிந்த ஒருவர் மருந்துக் கிடங்கில் மேற்பார்வையாளர். வீட்டில் நாலு ரப்பர் தட்டு வைத்த விளையாட்டு டிரம்மை டிவியோடு இணைத்து வைத்திருக்கிறார். அவர் மனைவியோ ஆறு மாதமாகக் கீபோர்டு வகுப்புக்குப் போய், ஒரே பாட்டோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். எட்டாவது வரியில் தினமும் தடுக்கி விழுவார்.

நம்மவருக்கு மனம் பொறுக்காது. "ஆறு மாசமா ஒரு பாட்டு. நான் ஒரு ஞாயித்துக்கிழமையில பன்னெண்டு முடிச்சேன்."

மனைவி ஹெட்போனை மாட்டிக்கொண்டு முதல் வரிக்குத் திரும்புவார்.

வகுப்பின் ஆண்டுக் கச்சேரி வந்தது. ஐம்பது பேர் முன்னால் முதல்முறையாக வாசிக்கப்போகிற பயத்தில் அந்த அம்மாளுக்கு மூன்று நாளாகச் சோறு இறங்கவில்லை. அந்த நேரம் பார்த்தா அவரோடு டிரம் வாசிக்க இருந்தவர் வழுக்கி விழுந்து மணிக்கட்டை உடைத்துக்கொள்ள வேண்டும்? நம்மவர் முன்வந்தார். எத்தனை வருடப் பயிற்சி என்று ஆசிரியை விசாரித்ததற்கு, "தொண்ணூத்தாறாவது லெவல்" என்றார் அடக்கமாக. ஏதோ பெரிய பரீட்சை போலிருக்கிறது என்று ஆசிரியை சரியென்றுவிட்டார். மனைவி வேண்டாம் என்றதை நம்மவர் பொறாமை என்று எடுத்துக்கொண்டார். ஒத்திகைக்குப் போவது தன் தகுதிக்குக் குறைவு என்று விட்டுவிட்டார்.

மேடையில் உட்கார்ந்தார். குச்சிகளை விரலிடையில் சுழற்றினார். எதிர்ச் சுவரைப் பார்த்தார். வெள்ளைச் சுவர். கீபோர்டு தொடங்கி மூன்று வரி போய்விட்டது; அவர் இன்னும் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில், பக்கத்தில் மைக் இருப்பதை மறந்து, மனைவி பக்கம் சாய்ந்து கேட்டார்.

"புள்ளி எங்கேருந்து விழும்?"

அரங்கம் சிரித்தது. மனைவியின் விரல்கள் நின்றுவிட்டன.

"நீங்க எதையும் தொடாதீங்க," என்றார் அவர், அதே மைக்கில். பிறகு முதல் வரியிலிருந்து தனியாகத் தொடங்கி, எட்டாவது வரியில் வழக்கம்போல் இரண்டு இடத்தில் தடுக்கி, நிற்காமல் கடைசி வரை வாசித்து முடித்தார். ஐம்பது பேரும் எழுந்து கைதட்டினார்கள். நானும்தான்.

அவர்களோடு வீடு திரும்பினேன்; வழியில் நம்மவர் கைப்பேசியை வெளியே எடுக்கவே இல்லை. திருந்திவிட்டார் என்றுதான் நினைத்தேன்.

"எட்டாவது வரியில ரெண்டு தப்பு," என்றார் மனைவியிடம். "எண்பத்தேழு சதவீதம் தரலாம்."

சிரிக்கிறீர்களா? நல்லது. ஒன்றே ஒன்று சொல்லுங்கள்: உங்களைக் கடைசியாக 'அபாரம்' என்று மெச்சியது ஆளா, திரையா? அவசரமில்லை, யோசித்தே சொல்லலாம். அதுவரை அந்தக் கட்டைவிரலை மட்டும் கொஞ்சம் நிறுத்திவையுங்கள்.