வால்வுப் பெட்டியும் மாவுப் போசியும்

எழுத்து எனக்கு அவ்வளவாக வராது. அஞ்சாம் வகுப்போடு நின்றவள். முன்னே பின்னே சொல்லிவிடுவேன், பாதி மறந்தும் போயிருக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள். அன்றைக்கு நான் கத்திய கத்தல் மட்டும் மறக்கவில்லை.

எங்கள் வீட்டுக்காரர் லாரி ஓட்டியவர். லாரியை விட்டு புதுச்சத்திரத்தில் வீட்டோடு உட்கார்ந்த பிறகு அவருக்குப் பாட்டுதான் துணை. மகன் வாங்கித் தந்த போனில் எல்லாப் பாட்டும் இருந்தது. ஆனால் இவருக்குப் பிடிக்கவில்லை.

"தகர டப்பாவுல ஆணியப் போட்டுக் குலுக்குனாப்பல இருக்குது. பழைய ரேடியோவுல வந்த எளக்கம் இல்ல" என்பார்.

இளக்கம் வர வேண்டும் என்று ஸ்பீக்கருக்கு அடியில் லாரி டியூபை வெட்டி வைத்தார். எதிரொலி கூடாதென்று என் கல்யாண ஜமுக்காளத்தைச் சுவரில் ஆணி அடித்து மாட்டினார். (கேட்டால், "சத்தத்த அது குடிச்சுக்கும்" என்றார். எனக்குத் தெரிந்து அது குடித்தது தூசியைத்தான்.)

கடைசியில் ராசிபுரம் நெய்க்கடை கரீம் பாய், அவருடைய அத்தா, அதாவது அப்பா, தம் கையாலேயே செய்த, பாட்டுச் சத்தத்தைப் பெருக்கும் வால்வுப் பெட்டி ஒன்றைக் கொண்டுவந்தார். அதன் மேலே கண்ணாடிக் குழாய்கள், உள்ளே கங்கு மாதிரிச் சிவந்து எரியும். போனிலிருந்து ஒரு ஒயர் அதற்குள் போகும், அதிலிருந்து ஸ்பீக்கருக்குப் போகும். அவ்வளவுதான். பாடுகிறவர் எங்கள் கட்டிலில் உட்கார்ந்து பாடினாற்போல இருந்தது. இவர் சோறு தின்னவே மறந்துவிட்டார்.

"ஒரு வாரம் இருக்கட்டுங்க. வந்து பாக்கறேன். பதனமா வெச்சிருந்தீங்கன்னா இங்கயே இருக்கட்டும். இல்லீன்னா எடுத்துட்டுப் போயிருவேன். அத்தா பண்ணுனதாச்சுங்களே" என்று பாய் சொல்லிவிட்டுப் போனார்.

அவர் வருகிற அன்று மார்கழிக் குளிர். சாயங்காலம் தோசை என்று இவர் சொல்லியாகிவிட்டது. மத்தியானம் ஆகியும் மாவு கல் மாதிரிக் கிடந்தது. இவரோ காலையிலிருந்தே பெட்டியைப் போட்டு வைத்திருந்தார், "கொழாய் நல்லாக் காஞ்சாத்தான் சத்தம் எளகி வரும்" என்று. பாட்டையே இளக்குகிற சூடு மாவைப் பொங்க வைக்காதா என்று எனக்குத் தோன்றியது. பெட்டி இருந்தது சந்து விட்டுப் பலகைச் சட்டம் அடித்த ரேக்கின் கீழ்த்தட்டில். மாவுப் போசியை அதற்கு நேர் மேல்தட்டில், மாமனார் போட்டோவுக்குப் பின்னால் வைத்துத் தட்டுப் போட்டு மூடினேன். யாருக்கும் தெரியாது. சமையற்கட்டு வாசலில் இருந்து சாய்ந்து பார்த்தால் எனக்கு மட்டும் தெரியும்.

கொஞ்ச நேரத்தில் எடுத்துவிடலாம் என்றிருந்தேன். சட்னி வேலையில் மறந்தே போனேன்.

பாய் வந்தார், பக்கத்து வீட்டு வாத்தியாரும் வந்தார். பெட்டிக்கு எதிரே உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டார்கள். பாட்டு ஆரம்பித்தது. நான் வாசலில் இருந்து எட்டிப் பார்த்தேன்.

தட்டு ஒரு பக்கம் தூக்கிக்கொண்டிருந்தது.

போய் எடுப்பதற்கென்ன என்று கேட்பீர்கள். வெளி ஆண்கள் உட்கார்ந்திருக்கிற இடத்தில் குறுக்கே நடந்து பழக்கமில்லை எனக்கு. தண்ணீர்ச் சொம்பைக்கூட வாசல் நிலைப் பக்கம் வைத்துவிட்டு வந்துவிடுவேன். மாவு விளிம்பில் வந்து நின்றது. கீழே அந்தக் கண்ணாடி, பாயுடைய அத்தாவின் கை வேலை.

இவர் தற்செயலாக என் பக்கம் திரும்பினார். மாவு பொங்குகிறது என்று கையை மேலே மேலே தூக்கிக் காட்டினேன். தலையை ஆட்டிவிட்டு, பாட்டுச் சத்தத்தைக் கூட்டினார்!

ரேக் அதிர்ந்தது. தட்டு சரிந்தது. மாவு சட்டத்தின் சந்து வழியாக ஒரு சொட்டு இறங்கியது.

சொய்ங்.

பாய் கண்ணைத் திறக்கவில்லை. முகம் மலர்ந்தது. "கேட்டீங்களா வாத்தியாரே! ரெக்காடு மேல முள்ளு ஒரசுற சத்தம். அத்தா ஊட்டுல கேட்டது, அப்படியே வருது!"

சொய்ங். சொய்ங்.

"போன்ல இருந்து இதெல்லாம் எப்படீங்க வருது?" என்று வாத்தியார் வியந்தார்.

"பொட்டியோட கொணம்ங்க" என்றார் இவர், தாமே செய்ததுபோல.

பாய் மூக்கை உறிஞ்சினார். "தோசை வாசம்கூட…"

"ஏனுங்க, மாவு! நிறுத்துங்க!"

அது என் குரல்தான். அத்தனை சத்தமாக நான் கத்தியதை இவரே அதற்கு முன் கேட்டதில்லை. மூன்று பேருக்கும் நடுவே ஓடி, ஸ்விட்சை அணைத்துப் போசியைத் தூக்கிவிட்டேன். பாட்டு நின்றது. 'டிக்' என்று ஒரு சத்தம். ஒரு குழாய் கீறல் விட்டு, தலைப்பக்கம் வெள்ளையாகப் பூத்துப்போனது. அதன் மேல் சின்னதாக ஒரு தோசை.

இவர் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியமில்லை. பாய் பெட்டியைத் துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டார். போச்சு என்று நின்றேன்.

"அக்கா, மாவு நல்லாப் பொங்கியிருக்குதுங்களே, தோசை ஊத்தலீங்களா?" என்றார்.

மடியில் பெட்டியோடே அத்தனை தோசை தின்றார். தின்றுவிட்டு, பெட்டியை எடுத்துக்கொண்டே போய்விட்டார். இவர் என்னோடு பேசாமல் பழைய தகர டப்பாச் சத்தத்தையே கேட்டுக்கொண்டிருந்தார். அத்தாவின் பழைய சாமானில் வேறு குழாய் கிடைத்து, பாய் அதைப் பொருத்தித் திருப்பிக் கொண்டுவந்த பிறகுதான் வீட்டில் பேச்சு வந்தது. அந்த ரேக்கின் மேல்தட்டை மட்டும் பாயே கழற்றி, கையோடு கொண்டுபோய்விட்டார்.

இப்போதும் எங்கே பாட்டுக் கேட்டாலும், சத்தம் ரொம்பச் சுத்தமாக இருந்தால் பாய் உதட்டைப் பிதுக்குவார். "இதுக்கு ரெண்டு சொட்டு மாவு உடோணும். அக்காவக் கூப்புடுங்க" என்பார். என் பேரன்கள்வரை அதையே சொல்கிறார்கள்.

கீறல் விட்டது இடது குழாயா வலது குழாயா என்று எனக்குச் சரியாக நினைவில்லை. வாத்தியார் இதைப் படித்தால் பார்த்துத் திருத்திக் கொடுக்கட்டும். பாய் தின்ற தோசைக் கணக்கையும் அவரே சொல்லட்டும். எனக்குக் கூச்சம்.